ரெஸ்ட்டில் இருக்கிறார்

ஜோலார்பேட்டையில் டிரைவர் என்றால் ரயில் டிரைவர்தான். பஸ் ஓட்டுகிறவரைத்தான் பஸ் டிரைவர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். லோகோ பைலட் என்கிற பட்டமெல்லாம் அப்பா ரிட்டயர் ஆகப்போகிற சமயத்தில் வந்தது. நடுராத்திரியில் குவார்ட்டர்ஸ் தெருவில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டால், எந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார்களோ என்று தெருவே விழித்துக்கொண்டு படுத்திருக்கும். வந்திருப்பவர் கால் பாய். பேர்தான் பாய், மீசை நரைத்த மனிதர். டூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில் நீள நோட்டை நீட்டி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அம்மா எழுந்து அப்பா டூட்டிக்குக் கொண்டுபோகும் லைன் பாக்ஸில் அரிசி, துவரம்பருப்பு, புளி, இரண்டு வெங்காயம் என்று பொட்டலம் கட்டி வைப்பாள். ஈரோட்டில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் சமையல்காரர் அதை வாங்கிச் சமைத்துப் போடுவார்.

இது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, இன்டர்வியூவுக்கு நடுவில். டெக்னிகல் ரவுண்டெல்லாம் தாண்டி மேனேஜர் ரவுண்டு வரை வந்திருந்தேன். "வேலை கொஞ்சம் டிமாண்டிங்தான், ஆனா நிறைய கத்துக்கலாம்" என்றார் திரையில் இருந்தவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். ஆன்-கால் எப்படி என்றேன். ரொடேஷன்தான், மூன்று பேர் என்றார். அதாவது மூன்று வாரத்தில் ஒரு வாரம் ஃபோன் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனால் வாரம் விட்டு வாரம். ராத்திரியில் கடைசியாக எப்போது கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இப்பக்கூட வந்துட்டேதான் இருக்கு மேடம்."

அது போக நியூயார்க்கில் இருப்பவர்களோடு தினசரி மீட்டிங். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அது 8.30 ஆகிவிடும், மார்ச் வரைக்கும். அங்கே குளிர்காலம் வந்தால் மேடவாக்கத்தில் என் பையனுக்குச் சோறு தள்ளிப்போகும்.

சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. அதில் ஒரு பங்கு வேரியபிள் பே, வந்தால் உண்டு. ஆனாலும் வீட்டு லோன் சீக்கிரம் அடைபடும். அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. லோன் இல்லாதவர்கள்தான் நிம்மதியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். போன வருஷம் ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனித் தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கச் சொன்னாரே என்று அவளே ஆரம்பித்தாள். 2025இல் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசியதைத்தான் சொல்கிறாள். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டது டிவியில் ஓயாமல் ஓடியது. "உங்கப்பா ரெண்டு நாள் கழிச்சு வந்து என் மூஞ்சியவா பாத்தாரு? தூங்குனாருடி. அந்தத் தூக்கத்துக்கு நான் காவல் இருந்தேன்" என்றாள்.

காவல் இருந்தது நிஜம். ஒருமுறை கால் பாய் முன்கூட்டியே வந்துவிட்டார். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டியவருக்குத் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வு என்பது விதி. அப்பா சைன் ஆஃப் ஆன நேரத்தைக் காலண்டர் ஓரத்தில் அவள் குறித்து வைத்திருந்தாள். "ரெஸ்ட்ல இருக்காரு, இன்னும் முடியல. போயிட்டு வாங்கண்ணே." அவர் நோட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த வீட்டுப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. படித்தது எட்டாம் கிளாஸ், ஒரு ரயில்வேயைத் திருப்பி அனுப்பினாள்.

அப்பா வேலையும் லேசான வேலை இல்லை. தீபாவளி, பொங்கல் எதற்கும் அவர் நிச்சயமில்லை. நான் பெரியவளான சடங்கன்று குப்பம் பக்கத்தில் சிக்னலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கூப்பிட்ட நேரம் எழுத்தில் இருந்தது, ஏறின நேரமும் இறங்கின நேரமும் எழுத்தில் இருந்தன. அதைச் சும்மா யாரும் கொடுக்கவில்லை. 1973 ஆகஸ்டில் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பத்து மணி நேர டூட்டி என்று அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த மே மாதம் நாடு முழுக்க 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது.

ரயில்வேக்கு வெளியிலும் எழுத்து உண்டு. நம் மாநிலத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்திருக்கிறது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. முதல்வர் அதை அறிவித்தது மே தினத்தன்று. எங்கள் ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடங்களில் அதைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. எங்களுக்கு ஏற்கெனவே 12 மணி நேரம்தானே, என்ன புதுசு என்று கேன்டீனில் யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தோம்.

ஆஃபர் வந்தது. ராத்திரி வேலை செய்தால் மறுநாள் எத்தனை மணிக்கு வரலாம் என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அது டீமுக்குள் பேசி முடிவு செய்துகொள்வது, பாலிசியாக இல்லை என்று ஹெச்.ஆரிடமிருந்து பதில் வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மறுநாள் லோன் தவணை வழக்கம்போலப் பிடித்தார்கள், அன்றைக்குக் கொஞ்சம் வயிறு கலங்கத்தான் செய்தது.

உங்களுக்கு இன்டர்வியூ இருந்தால் கம்பெனியின் கலாசாரம் எப்படி என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரிடமும் அழகான பதில் இருக்கிறது. போன மாதம் ராத்திரி எத்தனை தடவை எழுப்பினார்கள், மறுநாள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ஹெச்.ஆரிடம் இல்லை, டீமில் ஃபோன் வைத்திருப்பவரிடம்.