பேத்தைக்குப் பெண் பார்க்கப் போனோம்

வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "கொளத்தூரில் மீன் கடைகள் இருக்கிற தெருவுக்குப் போகணும்" என்றேன். அவர் என்னையும் பேத்தியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வளர்க்கிற மீன்தானேம்மா?" என்றார். கொளத்தூர் என்றால் அதுதான் அர்த்தம். சென்னைக்கு வடமேற்கே இருக்கும் இந்தப் பேட்டையில் பல வருஷங்களாகவே வண்ண மீன் வளர்ப்பது குடிசைத் தொழில். சிமெண்டுத் தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்க விட்டு, அதிலேயே ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. ஊர்ப் பேரிலேயே குளம் இருக்கிறது, பாருங்கள்!

தெருவுக்குள் நுழைந்ததுமே பேத்தி என் கையை விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் கடைகள். வாசலில் கொத்துக் கொத்தாகப் பிளாஸ்டிக் பைகள். கீழே தண்ணீர், மேலே பிராணவாயு, நடுவே மீன். ஒரு பையில் தங்க மீன், இன்னொன்றில் கன்னங்கரேலென்று மாலி. சண்டை மீன்கள் மட்டும் தனித்தனிப் பாட்டிலில் நின்று ஒன்றை ஒன்று முறைத்துக் கொண்டிருந்தன. ஓரத்தில் ஒருவர் உயிருள்ள புழுவைக் கோப்பை கோப்பையாக அளந்து விற்றுக் கொண்டிருந்தார். நான் மூக்கைப் பொத்திக் கொண்டேன்.

நாங்கள் போன காரியம் கொஞ்சம் விபரீதமானது. பேத்தியின் பிறந்த நாளுக்கு யாரோ ஒரு பேத்தை மீன் கொடுத்திருந்தார்கள். கடற்கரையில் வலையில் சிக்கி, பந்து போல உப்பிக் கிடக்குமே, விஷம் என்று ஒதுக்கி விடுவார்களே, அந்த வம்சத்தில் ஆற்றில் பிறந்த பொடியன். நன்றாக வளர்ந்தாலும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கடைக்காரர்கள் 'பட்டாணி பஃபர்' என்கிறார்கள். கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் ஓடும் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. பம்பை நதியில் கிடைத்த மீனை வைத்து 1941-ல் ஹோரா, நாயர் என்ற இரு விஞ்ஞானிகள் இதை விவரித்து, திருவிதாங்கூரின் பெயரையே இதற்குச் சூட்டினார்கள். கண் இரண்டையும் தனித்தனியாகச் சுழற்றும். ஒரு கண் என் மேல், ஒரு கண் நத்தை மேல்!

"ஒண்டியா இருக்கே, பாவம் பாட்டி" என்றாள் பேத்தி. எனக்கும் மனசு கேட்கவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் இன்னொன்று வாங்கி வந்து, பையைக் கத்தரித்துத் தொட்டியில் கவிழ்த்தோம். பழையவன் உடம்பெல்லாம் கறுத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்தான். மறுநாள் புதியதன் வால் கந்தல். மூன்றாம் நாள் விடியற்காலையில், குழந்தை எழுந்திருக்கும் முன்பே, அதைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். "எங்கே பாட்டி?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவள் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. "அது கெட்ட மீன். நான் தீனி போட மாட்டேன்" என்று விட்டாள். ஒரு மாசமாக அந்த உத்தியோகம் எனக்கு.

கொளத்தூரில் நாலாவது கடையில்தான் பேத்தை இருந்தது. கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயசிருக்கும். "ஒண்ணு கொடுங்க" என்றேன்.

"வீட்டிலே ஏற்கெனவே இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அப்படின்னா தர மாட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாபாரி பேசுகிற பேச்சா இது! நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயித்திலே நீளமாக் கறுப்புக் கோடு இருக்கா? கண்ணுக்குப் பின்னாலே சுருக்கம்?" என்றாள்.

நான் விழித்தேன். "ரெண்டும் இருக்கு" என்றாள் பேத்தி. தொட்டியைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்தவள்!

"அப்போ ஆம்பிளை. தொட்டி அவன் வூடு. வர்றது யாராயிருந்தாலும் திருடன்தான். ரெண்டே ரெண்டா வெச்சா அத்தனை கடியும் ஒண்ணு மேலேயே விழும். ரெண்டு பொட்டையா வாங்கிக்கோங்க, கடி பங்காயிடும். தொட்டி எவ்ளோ பெரிசு?"

"ரெண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்."

"மூணுக்குப் போதும். ஆனா இன்னிக்கு மீன் கிடையாது. வீட்டைத் தயார் பண்ணிட்டு வாங்க."

அன்று நாங்கள் வாங்கியது கட்டுக் கட்டாய் நீர்ச் செடி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு, ஒரு சின்னத் தொட்டி. இந்த மீன்களைப் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான் பிடித்து வருகிறார்களாம். வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்பதால் பதினைந்து நாள் சின்னத் தொட்டியில் தனியாக வைக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம். பார்க்கலாம், கடிக்க முடியாது. தடுப்பை எடுக்கிற அன்று கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட வேண்டும். பழையவனுக்கும் அது புது வீடாகி விடும். இது எனக்கு உடனே புரிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் சமையலறையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று டப்பாக்களை எல்லாம் மாற்றி வைத்துவிட்டார். புளி டப்பாவைத் தேடித் தேடியே அன்று பொழுது போயிற்று. சண்டை போடத் தெம்பு ஏது!

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடியவை என்ற வகையில் இந்த மீனும் இருக்கிறது. அந்த அம்மாள் பட்டியலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க" என்றாள். சில ஆண்கள் என்ன செய்தாலும் திருந்த மாட்டார்களாம். வால் கிழிந்தாலோ, ஒன்று சாப்பிடாமல் ஒளிந்தாலோ உடனே பிரித்துவிட வேண்டும், அதற்காகச் சின்னத் தொட்டியைத் தண்ணீரோடு தயாராக வைத்திருங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் அழைத்து வந்தோம். தடுப்பு வைத்த முதல் இரண்டு நாள் அவன் அதிலேயே முட்டிக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் அலுத்துப்போய் நத்தை வேட்டைக்குத் திரும்பினான்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவனுக்கு வயிறு நிறையப் புழு போட்டேன். கல்லை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கையில், "அங்கே இல்லை பாட்டி, இங்கே" என்று ஒரு சின்னக் கை தண்ணீருக்குள் வந்தது. கொட்டாங்கச்சி வலது மூலைக்குப் போயிற்று. நடுவில் அடர்த்தியாகச் செடி. ஒரு கோடியிலிருந்து மறு கோடி தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுத் தடுப்பை உருவினேன்.

ஒரு தடவை துரத்தினான். செடிக்குள் புகுந்ததும் அவள் எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் பழைய மூலைக்குத் திரும்பினான். அங்கே கொட்டாங்கச்சி இல்லை. சற்று நேரம் அப்படியே நின்றான்.

இரவு நாலு தடவை எழுந்து டார்ச் விளக்கில் பார்த்தேன். காலையில் என்னை எழுப்பியது பேத்தி. "மூணு வாலும் முழுசா இருக்கு பாட்டி!" புழுக் கோப்பையை அவளே கையில் எடுத்திருந்தாள். கொட்டாங்கச்சிக்குள் பெரியவள் குடியேறியிருந்தாள். அவன் வெளியே, செடி நிழலில்.