வலிக்கு ஓர் எண்

பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடி மலைநாட்டில், அகளி என்னும் ஊரில், மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நாம் பணியாற்றி வருகின்றோம். கோவைப் பக்கத்திலிருந்து ஆனைகட்டி வழியே வந்து இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுள் நம் குடும்பமும் ஒன்று. கோப்புகளுக்கு எண் இடுவதே நம் அன்றாடத் தொழில். ஆயினும், நம் வலிக்கே எண் இடுமாறு ஒருவர் கேட்டபோது நாம் திகைத்துப் போனோம்.

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் வலது விலாவின் கீழே தோன்றிய வலி, முதுகு வரை பரவி நம்மைச் சுருட்டிப் போட்டது. கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கற்கள்; பையையே அகற்றிவிட வேண்டும் என்றார் மருத்துவர். "மிகவும் வலிக்குமோ?" என்பதே நம் முதற் கேள்வி. ஆண்மகன் கேட்கத் தகாத கேள்வி என்று சிலர் நகைக்கலாம். அன்று நமக்கு அச்சமே பெரிதாக இருந்தது.

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். பின்னர் நாமும் தேடிப் படித்தோம். 1882-ஆம் ஆண்டு பெர்லினில் லாங்கன்புக் என்பார் முதன்முதலில் வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றினார். ஒரு நூற்றாண்டுக் காலம் அதுவே வழியாயிற்று. 1985-இல் ஜெர்மானியரான எரிக் மியூஹே சிறு துளைகளின் வழியே அதனைச் செய்து காட்டினார். சக மருத்துவர்கள் முதலில் அவரை ஏற்கவில்லை. 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் அம்முறையைத் தொடங்கி வைத்தார்.

துளை வழிச் சிகிச்சையிலும் வகைகள் உண்டு. வழக்கமான முறையில் நான்கு துளைகள்: சில 10 மில்லிமீட்டர், சில 5 மில்லிமீட்டர். இன்னும் மெல்லிய கருவிகளால் துளைகளைச் சிறிதாக்குவோரும் உளர். தொப்புளில் ஒரே ஒரு துளையிட்டு முடிப்பதும் உண்டு. அதில் தழும்பு மறைந்துவிடும். ஆனால் வலி குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. பிற்காலத்தில் அவ்விடத்தில் குடலிறக்கம் தோன்றும் வாய்ப்பும் சற்று மிகுதி என்பர். ஒரு துளையாயின் கால் பங்கு வலி என்று நாம் போட்ட எழுத்தர் கணக்கு அங்கே செல்லவில்லை.

வயிற்றை உப்பச் செய்யக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்த, அங்குள்ள நரம்பு கழுத்திலிருந்து வருவதால், வலி தோளில் தோன்றுகிறது. வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தால் இத்தோள்வலி குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன.

நமக்கு நான்கு துளைகள் இட்டார்கள். அன்று மாலை செவிலியர் வந்து, "சுத்தமாக வலியில்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து. உங்களுக்கு எத்தனை?" என்று வினவினார். "ஏழு" என்றோம். வயிற்றில் கத்தி பட்டிருக்கத் தோள் ஏன் நோகிறது என்று முனகினோம். உடனே மருந்து தந்தார். மறுநாளே வீடு திரும்பினோம்.

துணைக்கு வந்திருந்தவர் நம் அன்னையார். இதே பித்தப்பையை 1992-இல் அவருக்கும் அகற்றினார்கள். அன்று துளையில்லை, விலாவின் கீழே தசையை அறுத்துத் திறந்தார்கள். மூச்சு விடும்போதெல்லாம் அசையும் இடம் அது. அப்போது நமக்கு வயது பன்னிரண்டு. பத்தாம் நாள் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குச் சென்றார். நாம் எவரும் தடுக்கவில்லை. அதுமட்டுமன்று, சோற்றுப் பாத்திரம் தாமதமாகிறது என்று அவரிடம் சினந்துகொண்டதும் நமக்கு நினைவிருக்கிறது. அவர் ஒரு கையால் விலாவை அழுத்தியவாறே மறு கையால் சோறு கட்டித் தந்தார்.

பேருந்து ஆனைகட்டி மலையேறும்போது மெல்லக் கேட்டோம்: "அம்மா, அன்னைக்கு உங்களுக்கு எத்தனைன்னு சொல்லியிருப்பீங்க?"

அன்னையார் சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு, "அதையெல்லாம் யாரு கண்ணு கேட்டாங்க?" என்றார்.

அச்சொல்லில் குறையில்லை, கோபமில்லை. ஆயினும் நான்கு தையல்களையும் விட அதுவே நம்மை வருத்திற்று.

அன்பர்களே! பித்தப்பைக் கற்கள் ஆடவரினும் பெண்டிருக்கே மிகுதியாக வருகின்றன. எம்முறை, எத்தனை துளை, வலிக்கு என்ன மருந்து என்று சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வீடு திரும்பிய பின்னர், படுத்திருப்பவரிடம் "உனக்கு எத்தனை?" என்று நாளும் ஒருமுறை கேளுங்கள். நம் வீட்டில் அக்கேள்வி முப்பது ஆண்டுகள் தாமதமாகவே எழுந்தது. இப்போது முழங்கால் வலியால் அன்னையார் படியில் அமரும்போதெல்லாம் நாம் எண்ணைக் கேட்கின்றோம். அவர் எப்போதும் "ரெண்டு" என்றே சொல்கிறார். நாம் அதை ஆறு என்று குறித்துக்கொண்டு, குடத்தை நாமே எடுத்துச் செல்கின்றோம்.