ஒரு சட்டித் தணலும் ஒரு மீட்டரும்

காலை எட்டு மணி. ஸ்ரீநகரின் பழைய நகரத்தில், ஹப்பா கதல் பாலத்துக்குக் கீழே ஜீலம் நதியின் மேல் படர்ந்த மூட்டம் இன்னும் கலையவில்லை. ஒரு வீட்டு வாசலில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, உறைந்துபோன குடிநீர்க் குழாய்க்குச் சூடு காட்டுகிறார்கள். பாலத்தில் நடப்பவர்களில் பலருக்குக் கைகளே இல்லாதது போலத் தோன்றும். சட்டைக் கை வெறுமனே காற்றில் ஆடும். கை உள்ளே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஃபெரன் என்ற கம்பளி அங்கிக்குள், ஒரு சட்டி நெருப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காஷ்மீரிகளின் கணக்கில் குளிருக்கு மூன்று பெயர்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் ‘சில்லாய் கலான்’, பெரிய குளிர். அடுத்த 20 நாள் ‘சில்லாய் குர்த்’, சின்னக் குளிர். கடைசி 10 நாள் ‘சில்லாய் பச்சா’, குழந்தைக் குளிர். 2024-ல் பெரிய குளிர் முதல் நாளே கைவரிசையைக் காட்டியது. அன்று ஸ்ரீநகரில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி.

இந்தக் குளிரிலிருந்து தப்பி ஓடுவது அரசாங்கத்துக்கே வழக்கம். மகாராஜா ரண்பீர் சிங் 1872-ல் தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, குளிர்காலத்தில் தலைமைச் செயலகம் கோப்புகளோடு ஜம்முவுக்குப் போய்விடும். 2021-ல் நிறுத்தப்பட்ட இந்த ‘தர்பார் மாற்றம்’ 2025-ல் மீண்டும் வந்தது. தர்பார் போகலாம். பள்ளத்தாக்கின் குடும்பங்கள் எங்கே போகும்? அவர்கள் இருந்த இடத்திலேயே குளிரோடு கணக்குத் தீர்த்தாக வேண்டும்.

அந்தக் கணக்கை முன்பெல்லாம் இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் சினார் மரங்கள் சிவந்து உதிர்க்கும் இலைகளைப் பெண்கள் கூட்டிக் குவித்து, மெதுவாகப் புகையவிட்டு, நீர் தெளித்து அணைத்துக் கரியாக்குவார்கள். பழத்தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளும் கரியாகும். கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் எல்லாம் வெயிலில் வற்றலாகும். சாக்குகள் நிரம்பிவிட்டால் குளிருக்கு வேண்டியதில் பாதி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்கான விலை பெரும்பாலும் உழைப்புதான்.

அந்தக் கரி போய்ச் சேரும் இடம் காங்ரி. மண்சட்டி, அதைச் சுற்றி வளாரால் பின்னிய கூடை, மேலே பிடி, கங்கைக் கிளற ஒரு சிறு கரண்டி; அவ்வளவுதான். சட்டியில் கரித்தூளை நிரப்பி, மேலே கொஞ்சம் கங்கு போட்டுச் சாம்பலால் மூடினால் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். சரார்-இ-ஷெரீஃபில் பின்னப்படும் காங்ரிகளுக்குத் தனி மவுசு. கல்யாணப் பெண்ணின் சீர்வரிசையில் வண்ணக் கூடையோடு போவதும் உண்டு. இதன் சிக்கனத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காங்ரி அறையைச் சூடாக்க முயல்வதில்லை, ஆளைச் சூடாக்குகிறது. ஆள் எங்கே போனாலும் கூடவே போகிறது.

வசதி உள்ளவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. தகரத்தால் செய்து புகைபோக்கி வைத்த விறகு அடுப்பான ‘புகாரி’, அறை முழுவதையும் கதகதப்பாக்கும். அதைவிடச் சொகுசானது ‘ஹமாம்’. கற்பலகை பாவிய தரை, அதன் அடியில் எரியும் விறகு, கூடவே வெந்நீருக்கு ஒரு தாமிரக் கொப்பரை. மசூதிகளின் ஹமாம் அறையில் தொழுகை முடிந்த பிறகும் பெரியவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் விறகுச் செலவு எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாவதில்லை.

கட்டுப்படியாகாதவர்களுக்குக் கைகொடுத்தது மின்சாரம். நெடுங்காலம் பல வீடுகளில் மீட்டரே கிடையாது. இணைப்பில் இவ்வளவு பளு என்று எழுதிக்கொண்டு, மாதத்துக்கு ஒரே தொகை வசூலிப்பார்கள். எவ்வளவு எரித்தாலும் அதே பில். எனவே செங்கல்லில் கம்பிச் சுருளைப் பதித்த நாட்டு ஹீட்டர்களும், வாளியில் போடும் வெந்நீர்க் கம்பிகளும் வீட்டுக்கு வீடு சிவந்தன. வாங்கிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் பணமாகத் திரும்பாத நிலை மின்துறைக்கு. இருட்டு மக்களுக்கு.

இதில் ஆற்றின் விளையாட்டும் சேர்ந்துகொள்கிறது. ஜீலமும் செனாபும் ஓடும் மண்ணில் மின்சாரத்துக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். உரி 480 மெகாவாட், சலால் 690, பக்லிஹார் 900 என்று பட்டியல் நீளமானதுதான். ஆனால் இவை ஓடும் நீரை நம்பியவை. 1960-ம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தம் இந்த நதிகளில் பெரிய அளவில் நீரைத் தேக்க இடம் தரவில்லை. அந்த ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்தது. ஆனால் அறிவிப்பால் அணைகள் முளைத்துவிடாது. குளிர்காலத்தில் மலை மேல் விழுவது மழையல்ல, பனி. அது உருகும்வரை ஆறு மெலிந்தே ஓடும். ஹீட்டர்கள் அதிகம் கேட்கும் மாதங்களில்தான் விசையாழிகள் குறைவாகச் சுழல்கின்றன. போதாததற்கு உரியும் சலாலும் மத்திய அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். உள்ளூருக்கு இலவசப் பங்கு 12 சதவிகிதம். மீதித் தேவைக்கு வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர்கள் இந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தன. மீட்டர் வந்த பகுதிகளில் மின்வெட்டு குறையும், ஆனால் எரித்ததற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல பேட்டைகளில் பெண்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். அவர்களின் கோபத்துக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டரை தினம் 5 மணி நேரம் போட்டால் 10 யூனிட். மாதத்துக்கு 300. அது ஓர் அறைக்கு மட்டும்.

ஆகவே குடும்பங்கள் சுருங்கி வாழக் கற்றுக்கொள்கின்றன. மாடி அறைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுகிறார்கள். ஜன்னல்களில் பாலிதீன் விரிப்பு ஏறுகிறது. தாத்தாவின் இருமல், பேரனின் பாடம், டிவி எல்லாம் ஒரே கூரைக்கடியில். ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடும். பிறகு அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் காலை நீட்டிக்கொள்வார்கள். இரவில் மின்சாரப் போர்வை. 100 வாட் போர்வை பத்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு யூனிட்தான் தின்னும். காங்ரி சொல்லித் தந்த பாடம்தான் இது: அறையை விடு, ஆளைக் காப்பாற்று.

சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. காங்ரியை ஆண்டுக்கணக்கில் உடலோடு ஒட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதை மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-லேயே எழுதிவைத்தார். அது மெதுவாக வரும் ஆபத்து. இன்னொன்று ஓர் இரவில் வரும். சூடு வெளியே போகாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்த அறையில் கரியோ எரிவாயுவோ எரிந்தால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரின் வாடகை வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். படுக்கும் முன் கணப்பை அணையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சூட்டை ஜன்னல் வழியே அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்?

2024 சட்டமன்றத் தேர்தலில் தேசிய மாநாட்டுக் கட்சி, வீடுகளுக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் என்று வாக்குறுதி கொடுத்து ஆட்சியைப் பிடித்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில் அந்தச் சலுகை அந்த்யோதயா அட்டை வைத்திருக்கும் பரம ஏழைகளுக்கு என்று வந்தது. அட்டை இல்லாத ஆசிரியரும் கடைச் சிப்பந்தியும் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே குளிர் காய்கிறார்கள்.

மாலை ஐந்தரைக்கு ஹப்பா கதல் இருட்டத் தொடங்குகிறது. விளக்குகள் ஒருமுறை மங்கி அணைகின்றன. அந்த ஒற்றை அறையில் யாரும் பதறுவதில்லை. மூலையிலிருந்து காங்ரி வெளியே வருகிறது. வீட்டுக்காரப் பெண் சாம்பலை விலக்கி, கங்கை லேசாக ஊதி, முதலில் மாமியாரின் கையில் கொடுக்கிறாள். பிறகு ஜன்னலருகே போய்ப் பாலிதீனை ஒரு விரற்கடை விலக்கிவைக்கிறாள்.