இரு உதயங்கண்ட பயணம்

பேர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானம் இதனை ஏழெட்டு மணித்தியாலங்களிற் கடந்துவிடும்.

1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீளப் பிணைக்கவே 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தார் இயக்கிய கட்டலினாக் கடல்விமானங்கள் இடையில் எங்கும் தரியாது இந்து சமுத்திரத்தைக் கடந்தன. பயணநேரமோ 27 முதல் 33 மணித்தியாலம். எரிபொருளின் பாரத்தாற் பயணிகள் மூவருக்கே இடமிருந்தது. பகைவர் செவிக்கு அஞ்சி வானொலி மௌனங்காத்தது, விண்மீன்களே வழிகாட்டின. ஒரே பறப்பில் இருமுறை சூரியோதயங் கண்டமையால், ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர் அப்பயணத்திற்கு நிலைத்தது.

அவ்விமானங்கள் வந்திறங்கிய களப்பின் அயலிலே, விமானத்தளம் அமைப்பதற்காகக் கொக்கலைக் கிராமத்தவர் தம் வீடுகளை விட்டு அகற்றப்பட்டிருந்தனர். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த இல்லம் அவ்வழிவிலிருந்து தப்பி இன்றும் நிற்கின்றது.

கண்டங்களை அண்மையாக்கிய அவ்வழி, அம்மக்களைத் தம் முற்றத்திலிருந்தே தூரமாக்கிற்று. பேர்த்தின் தொலைவை மணிக்கூடு அளந்து கூறும். இத்தொலைவை எதனால் அளப்பது?