தார் கலர் ஸ்வீட்!

முதல் வருஷம். தீபாவளி லீவு முடிஞ்சு, ஹாஸ்டல் ரூமில் டப்பாவைத் திறந்தேன். ‘மாப்ள, என்னடா இது... தார் ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு வந்தியா?’ ரூமே சிரிச்சுது. நானும் கூடவே சிரிச்சு, மூடி வெச்சுட்டேன்.

உள்ளே இருந்தது கவுனரிசி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி பக்கம் செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டிருந்தா, உங்களுக்கு அறிமுகமே வேண்டாம். கறுப்பு அரிசியை ராத்திரியே ஊறப்போட்டு, குழைய வேகவெச்சு, சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், நெய் சேர்த்தா... நாவல்பழக் கலரில் மினுங்கும்!

நம்ம ஊர்ப் பலகாரம்தானேனு நினைக்காதீங்க. அரிசி வந்தது பர்மாவிலேர்ந்து. 1852-ல் கீழ் பர்மா பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போன பிறகு, ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுக்கப் போனாங்க நகரத்தார். கடனில் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் கண்ணீரும் அந்தக் கதையில் உண்டு. 1942-ல் ஜப்பான் படை நுழைஞ்சதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினாங்க, நிறைய பேர் நடந்தே! 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, மிச்சமிருந்த தொழிலும் அரசுடைமை. எல்லாம் போச்சு. நாக்கில் ஒட்டின அரிசியை மட்டும் யாராலும் பறிமுதல் பண்ண முடியலை!

இது நம்ம கதை மட்டும் இல்லை பாஸ். போலந்திலேர்ந்து பிழைக்கப் போனவங்க அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது ‘பியரோகி’. உள்ளே உருளைக்கிழங்கு, சீஸ் வெச்ச கொழுக்கட்டைனு வெச்சுக்கங்க. பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அது இப்போ அடையாளம். 1999-லேர்ந்து பேஸ்பால் மேட்ச் நடுவே பியரோகி வேஷம் கட்டி ரேஸே ஓடுறாங்க. நான்? டப்பாவை மூடி வெச்சேன்.

அடுத்த லீவு. அப்பத்தா மறுபடி டப்பாவை நீட்டினாங்க. ‘வேணாம் அப்பத்தா, பசங்க கிண்டல் பண்றாங்க’ன்னேன். ‘அப்படிச் சொல்லாத ராசா. எங்கப்பா பர்மாவிலேர்ந்து நடந்து வந்தப்ப...’னு ஆரம்பிச்சாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுனு ஓடிட்டேன்.

இப்போ சூப்பர் மார்க்கெட்டில் அதே அரிசி ‘பிளாக் ரைஸ்’னு பாக்கெட்டில் பளபளக்குது. தார் ரோடுன்னு சிரிச்ச அதே நண்பன் போன் பண்ணி, ‘எப்படிடா செய்றது?’னு கேட்டான். அம்மாகிட்ட கேட்டுச் சொல்லிட்டேன்.

ஆனா, ‘நடந்து வந்தப்ப...’வுக்கு அப்புறம் என்னன்னு கேட்க அப்பத்தா இல்லை.

உங்க வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். ஊருக்குப் போனா சாப்பிடுங்க. கூடவே உட்கார்ந்து கதையையும் கேளுங்க. அடுத்த பஸ் அரை மணி நேரத்தில் வந்துடும்!