பெட்டியிடம் நாலு கேள்வி

ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த அந்த நிலக்கடலை விவசாயி, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய்தான் மோட்டார் போட வேண்டும். ஒருநாள் கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தார். வீட்டில் சொல்லாமல் மறைத்தவர், ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"இனிமே ராத்திரியில நீங்க போகக் கூடாதுப்பா" என்றார் மகள்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் அவர். சிம் கார்டு போடும் சின்ன 2ஜி மாட்யூலை வாங்கி, எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மோட்டார் ஓடும்படி ஒரு பெட்டியைச் செய்தார். வீட்டில் சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. கிணற்றடியில் மாட்டியதும் ஊமையாகிவிட்டது. கடலையில் விழுது இறங்கும் பருவம். நிலம் காயக் கூடாது. அப்பா மறுபடியும் டார்ச்சை எடுத்தார்.

மறுநாள் காலை மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் மாட்யூலை மட்டும் லேப்டாப்போடு இணைத்தார் மகள். இந்த மாட்யூல்களிடம் ஆங்கில எழுத்தில் கட்டளை அடித்தே பேசலாம். 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் மோடத்துக்காகக் கொண்டுவந்த முறை இது. எல்லாக் கட்டளையும் 'ஏ.டி' என்றே தொடங்கும். 'அட்டென்ஷன்', அதாவது 'கவனி' என்பதன் சுருக்கம் அது.

முதல் கேள்வி, வெறும் 'ஏ.டி'. 'ஓகே' என்று பதில் வந்தது. பதிலே வராவிட்டால் வயரையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். டவரோடு பேசும் நொடியில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதைத் தாங்காத சப்ளை என்றால் அணைந்து அணைந்து எரியும்.

இரண்டாவது, 'ஏ.டி+சி.பி.ஐ.என்?'. 'ரெடி' என்றது. சிம்மில் பூட்டு இல்லை.

மூன்றாவது, 'ஏ.டி+சி.எஸ்.க்யூ'. இது சிக்னல் அளவு. 0 முதல் 31 வரை வரும்; 99 என்றால் அளக்க முடியவில்லை என்று பொருள். வீட்டில் 19 காட்டியது, இங்கே 4.

நாலாவது, 'ஏ.டி+சி.ஆர்.இ.ஜி?'. பதிலில் இரண்டாவது எண் 1 என்றால் டவரில் பதிவாகிவிட்டது. 2 என்றால் இன்னும் தேடுகிறது. வந்தது 2.

"பெட்டி கெட்டுப்போகலப்பா. இரும்புப் பெட்டிக்குள்ள ஆன்டெனாவ அடைச்சு வெச்சது என் தப்பு."

ஆன்டெனாவை வெளியே எடுத்து, மோட்டார் ஷெட்டுக்கு மேலே கம்பத்தில் கட்டினார்கள். அளவு 16 ஆனது. பதிவு எண்ணும் 1 ஆனது.

அன்று ராத்திரி வீட்டிலிருந்தே மெசேஜ் அனுப்பினார் அப்பா. 'மோட்டார் ஓடுகிறது' என்று பதில் வந்தது. நம்பாமல் மகளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் ராத்திரி படுத்தபடியே மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கினார்.

இப்படிப் பெட்டி வைப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியவை: 2ஜி மாட்யூலுக்கு 2ஜி சேவை தரும் சிம்தான் போட வேண்டும், 4ஜி மட்டும் தரும் சிம் எடுக்காது. வீட்டார் எண்களுக்கு மட்டுமே பெட்டி கீழ்ப்படிய வேண்டும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் தானாக நிற்கும் ஏற்பாடு அவசியம். மும்முனை இணைப்பில் கைவைக்கும் வேலையை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். பெட்டி ஊமையானால் தூக்கிப் போடுவதற்கு முன், விவரம் தெரிந்த பிள்ளையை விட்டு இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.