சோர்க்கியா, யாஷிகாவா?

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று ரஷ்யாவின் சோர்க்கி-4. நெய்வேலி அனல்மின் நிலைய வேலைக்கு வந்திருந்த ரஷ்யப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது என் சித்தப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. மற்றது ஜப்பானின் யாஷிகா எலக்ட்ரோ 35. கூத்தாநல்லூர் நண்பர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஃபிலிமில் படமெடுக்கப் பழக வேண்டும் என்று பேத்தி கேட்கிறாள். எதைக் கொடுப்பது?

இரண்டிலும் ஃபோகஸ் செய்யும் முறை ஒன்றுதான். கண்ணாடிக்குள் இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேரும்வரை லென்ஸைத் திருப்ப வேண்டும். மற்றதெல்லாம் வேறு.

சோர்க்கி-4, 1956 முதல் 1973 வரை மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் தயாரானது. அதன் மூதாதை ஜெர்மன் லைக்கா. பேட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது. ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னாலேயே திருகினால் உள்ளே பல் கெட்டுவிடும். கண் பவருக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு அது பெரிய வசதி.

யாஷிகா 1966-இல் வந்தது. அப்பர்ச்சரை வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தைத் தானே முடிவு செய்யும். கல்யாண மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் அதன் எஃப் 1.7 லென்ஸுக்கு ஈடில்லை. ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் 1/500 என்ற ஒரே வேகம்தான். அதற்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. அடாப்டரில் 6 வோல்ட் பேட்டரி வைத்துச் சமாளிக்கிறார்கள்.

நம் வயல்களில்தான் இரண்டுக்கும் உண்மையான பரீட்சை. சம்பா நடவு நேரத்தில் வயலெல்லாம் தண்ணீர். அதில் வானம் முழுக்கப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து எந்த மீட்டரும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும், முகங்கள் கறுத்துவிடும். யாஷிகாவில் ஏஎஸ்ஏ 100-ஐ 50 ஆக்கி ஏமாற்றலாம். ஆனால் அப்படிச் செய்யத் தெரிய வேண்டுமானால், முதலில் வெளிச்சத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நடவு ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த அம்மா, தூக்குடன் வரப்பில் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. சோர்க்கியில் எடுத்தது. நல்ல வெயிலில் எஃப் 16, 1/125 என்பது கணக்கு. அம்மா வெயிலுக்கு முதுகு காட்டி நின்றதால் எஃப் 8 வைத்தேன். அம்மா சிரிப்பது தெரியும் படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

அதனால் சோர்க்கியைத்தான் பேத்திக்குக் கொடுக்கிறேன். மனசு கேட்கவில்லை, என் கண்ணுக்கும் அதுதான் ஒத்துவருகிறது. ஆனாலும் கற்றுக்கொள்கிறவள் கையில் இருக்க வேண்டியது அதுதான். யாஷிகா எனக்குப் போதும், பேரன் காதுகுத்துக்கு உதவும்.

அவளுக்குச் சொன்ன இரண்டு விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். சோர்க்கியின் ஷட்டர் துணியால் ஆனது. லென்ஸ் மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்தால் துணியில் ஓட்டை விழும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எந்தக் கேமராவையும் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தை வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சை ஏற்றிவிடும். இறுக்கமான எவர்சில்வர் டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலமும் போதும்.